தலைமாட்டு உரிமை

விடுகதை ஒன்று போட்டால் விடை சொல்வீர்களா? சொத்து என்று ஒன்று இருந்தால் பங்குக்கு ஆள் வரும். காணி நிலமானாலும் வரும், கல்லு மோதிரமானாலும் வரும், அப்பா விட்டுப்போன ஓட்டைச் சைக்கிளானாலும் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஒரே ஒரு சொத்துக்கு மட்டும் பங்கு கேட்டு யாரும் வரமாட்டார்கள். வாருங்கள், தருகிறேன் என்று கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அது என்ன?

வலி என்று நீங்கள் சொன்னால் விடை சரிதான், உவர்முனையைத் தவிர மற்ற ஊர்களில். உவர்முனைக்காரர்களிடம் இந்த விடுகதையைப் போட்டால் சிரிப்பார்கள். அந்த ஊரில் வலிக்குப் பங்கு கேட்டு வேன் பிடித்து வந்தார்கள். பங்கு கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு சம்பந்தி வீட்டில் கைநனைக்காமல் எழுந்துபோனவர்களும் உண்டு.

உவர்முனை, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊர். அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரத்தில் கடைசியாக ஒரு வார்டு இருந்தது. போர்டில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவு என்று எழுதியிருந்தது; ஊரார் கடைசி வார்டு என்றார்கள். தாழ்வாரத்தின் கடைசியில் இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறோம் என்று டாக்டரிடம் சமாதானமும் சொல்வார்கள். நோயைத் தீர்க்க முடியாது என்று ஆனபிறகு வலியையாவது தீர்த்துவைப்போம் என்று நடக்கிற வார்டு அது. அதை நடத்திய டாக்டர் ரஹ்மத்துன்னிசா, மருந்தும் மாத்திரையும் போய்ச் சேராத இடம் ஒன்று மனிதர்களுக்குள் இருக்கிறது, அங்கே பாட்டு போகும் என்று படித்திருந்தார். படித்ததோடு விடாமல் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, நேரில் போய்க் கேட்டு, கேட்கிறவர்கள் சலித்துப்போகும்வரை கேட்டு, கடைசியில் இசை சிகிச்சைக்கென்று ஓர் ஒப்பந்த வேலையை வாங்கிவிட்டார்.

அந்த வேலைக்கு வந்தவள் பிரிசில்லா. சர்ச்சில் கீபோர்டு வாசித்துப் பழகியவள், சென்னையில் ஒரு வருஷம் இசை சிகிச்சை படித்தவள், யாரிடமும் அதிர்ந்து பேசாதவள். தோளில் கீபோர்டு உறையோடு அவள் முதல் நாள் வார்டுக்குள் நுழைந்தபோது, நோயாளிகளுக்குத் துணையாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாகக் கெடக்க எடத்துல கச்சேரியா?”

“கச்சேரின்னா சுண்டல் உண்டுமா?”

“எட்டி, சும்மா இரி. டாக்டரம்மா பாக்காவ.”

பிரிசில்லா கீபோர்டை இறக்கிவைத்தாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த பாட்டு என்ன என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாதவர்களிடம் பாட்டைக் கேட்கவில்லை, மூச்சைக் கேட்டாள். மூச்சு எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்தில் வாசிக்கத் தொடங்குவாள். பிறகு யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைப்பாள். அவளை நம்பி மூச்சும் கூடவே இறங்கி வரும். இது படிப்பில் சொல்லிக்கொடுத்தது. அடுத்து நடந்தது படிப்பில் இல்லாதது.

சொரிமுத்து என்கிற லாரி டிரைவருக்கு இடுப்பெலும்பில் புற்று. டாக்டர், வலியைக் காட்டச் சொல்வதற்கு ஓர் அட்டை வைத்திருந்தார். அதில் சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும் வரிசையாக முகங்கள். சொரிமுத்துவின் விரல் எப்போதும் கடைசி முகத்தைத்தான் தொடும். அவர் கேட்டது, டிரைவர்கள் கண் அசராமலிருக்கப் போட்டுக்கொள்ளும் பழைய சினிமாப் பாட்டு ஒன்று. பிரிசில்லா வாசித்துக்கொண்டே பாடினாள். சொரிமுத்துவின் மனைவிக்கு அந்தப் பாட்டு தெரியும், அவளும் பாடினாள். மகனுக்குத் தெரியும், அவனும் பாடினான். ஊசி போட வந்த கோசலை சிஸ்டர் சரணத்தில் சேர்ந்துகொண்டார். பாட்டு முடிந்தபோது சொரிமுத்து தானாகவே எழுந்து உட்கார்ந்து, மனைவியைப் பார்த்து, “எட்டி, வலி எங்க போச்சு?” என்றார்.

“இங்க இருக்கு” என்றாள் அவள், வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு.

மகனுக்குத் தோளில் வந்திருந்தது. கோசலை சிஸ்டருக்குக் கடைவாய்ப் பல்லில் வந்திருந்தது. பிரிசில்லாவுக்கு இடது மணிக்கட்டில், வளையலைப் போல, வந்து உட்கார்ந்திருந்தது. டாக்டர் அட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்க் காட்டச் சொன்னார். எல்லாரும் நடுவிலிருந்த முகங்களைத் தொட்டார்கள். மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். சொரிமுத்துவின் அழுகிற முகத்துக்குச் சரியாக வந்தது. வலி எங்கேயும் குறையவில்லை, பங்கு ஆகியிருந்தது.

“மாத்திரையை நிறுத்தக் கூடாது” என்றார் டாக்டர். “அது அதோட வேலையைப் பாக்கட்டும், இது இதோட வேலையைப் பாக்கட்டும்.”

“டாக்டரம்மா, புரோட்டா சாப்பிடலாமா?” என்றார் சொரிமுத்து.

இப்படித்தான் அது தொடங்கியது. பங்கு எடுத்தவர்களுக்கு, நோயாளி உயிரோடு இருக்கும்வரை அந்த வலி இருந்தது. பெரிய வலி இல்லை, கூடவே நடந்து வருகிற வலி. மாதம் ஒன்று போனதும் உவர்முனையில் எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள், கரண்ட் கம்பத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் பழகியதைப்போல. முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தி, “அண்ணாச்சி, ஒரு நிமிசம், முழங்கையில சித்தப்பா சுண்டுதாரு” என்பார். பஸ்ஸில் ஒருவர் நொண்டி ஏறினால், நோயா பங்கா என்று கண்டக்டர் கேட்பார். பங்கு என்றால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். மஸ்கட்டிலிருந்த ஒருவரின் மகன் போனிலேயே பாடினான், அவனுக்கும் வந்தது. போனில் குரல் கொஞ்சம் பிந்தி வருவதைப்போல வலியும் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்ந்தது. இந்த நோயாளிகளில் ஒருவர் இறக்கும்போது போன் வருவதற்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். கடையில் தராசைப் பிடித்திருக்கிறவர் திடீரென்று தோளைத் தடவிப் பார்ப்பார், தெருமுனையில் குடத்தோடு போகிறவள் குடத்தை இறக்கிவைப்பாள், அங்கங்கே அப்படி அப்படியே நின்று, வலி நின்ற இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “போயிட்டாவ” என்பார்கள்.

மனது வைத்துப் பாடுகிறவருக்குத்தான் பங்கு வந்தது. சும்மா வாயசைத்தால் வராது. பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு மகன், தகப்பனார் கட்டிலருகே நின்று வாயை மட்டும் அசைத்துவிட்டு, வெளியே வந்ததும் நொண்டினான். காலையில் இடது காலை நொண்டினான், சாயங்காலம் வலது காலை நொண்டினான். அவனை ஊர் இன்றுவரை விடவில்லை.

பாடாமல் கீபோர்டு மட்டும் வாசிக்கிறவருக்கும் வராது. சொரிமுத்து இறந்து தன் மணிக்கட்டு வலி விட்டபிறகு பிரிசில்லா இதைக் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் பங்கு எடுத்தால் வேலை செய்ய முடியாது என்று அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் கருப்பு வெள்ளைக் கட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, மழைக்கு ஒதுங்கி நிற்பவளைப்போல ஒரு நிம்மதியும் அவளுக்கு இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நல்ல காரியம் என்று ஒன்று வந்தால் அதில் முன்னே நிற்பது யார் என்ற கேள்வியும் வரும். பாட்டின் முதல் அடியை எடுக்கிறவருக்குத்தான் பெரிய பங்கு என்று தெரிந்ததும், அந்த இடத்துக்கு அடிபிடி ஆரம்பித்தது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று சண்டை போடுகிற ஊர் இதில் மட்டும் சும்மா இருக்குமா? நான் மூத்தவன் என்றான் ஒருவன். நான் தாய்மாமன் என்றான் ஒருவன். இவன் எங்கள் அப்பாவுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றாதவன், இவன் தலைமாட்டில் நிற்பதா என்றாள் ஒருத்தி. பெரியவர்கள் கூடிப் பேசி முறை வகுத்தார்கள். ஆணுக்கு மூத்த மகன் கட்டிலின் தலைமாட்டில் நின்று முதல் அடி எடுக்க வேண்டும். பெண்ணுக்குப் பிறந்த வீட்டு உரிமை, அண்ணனோ தம்பியோ நிற்க வேண்டும். மற்ற உறவுகள் இரண்டு பக்கமும் முறைப்படி நிற்கலாம். பிரியத்தால் வருகிற வெளியாட்கள் கால்மாட்டைத் தாண்டிக் கதவோரம். உரிமைக்காரர் நிற்காத கட்டிலில் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பங்கு எடுத்தவர்கள் எல்லாருக்கும் அன்றிலிருந்து பதினாறு நாள் தீட்டும் உண்டு.

“எங்க நின்னு பாடினாலும் ஒண்ணுதானே?” என்று பிரிசில்லா ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

“வலிக்கு ஒண்ணுதான் டீச்சர்” என்றார்கள். “மனுசனுக்கு ஒண்ணு இல்லையே.”

டாக்டர் தன் பங்குக்கு ஒரே ஒரு விதி போட்டார். தாத்தாவுக்குப் பாடிய ஒரு பையனுக்குப் பரீட்சை எழுதுகிற விரலில் வலி வந்துவிட்டது. அதிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடக் கூடாது.

இப்படி எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வார்டுக்குச் சுடலைவடிவு வந்தாள்.

உப்பளத்தில் உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்தவள். கர்ப்பப்பையில் வந்த புற்று முதுகுக்கு ஏறியிருந்தது. கூட வந்தது ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகள் இசக்கி மட்டும்தான். அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, ஒரு தூக்குவாளியையும் பள்ளிக்கூடப் பையையும் வைத்து, அந்த இடத்தை வீடாக்கிக்கொண்டாள் இசக்கி. பிரிசில்லா, “அக்கா, உங்களுக்கு யாரு பாடுவாங்க?” என்று கேட்டபோது சுடலைவடிவு சிரித்தாள்.

“எனக்குப் பாட யாரு இருக்கா? இவளும் இவ பென்சிலும்தான்.”

ஆள் இல்லாமல் இல்லை. அண்ணன் இருந்தார். வண்டிமலை என்றால் உப்பளத்தில் பேர்போன கங்காணி. அவர் கை காட்டினால் வேலைக்கு நூறு பேர் வருவார்கள். தங்கை தன் பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்ததில் அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தில் வருஷங்கள் போய்விட்டன. எட்டு வருஷத்துக்கு முன்னால் சுடலைவடிவின் புருஷன் இறந்தபோது, தாலி இழக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீடு கொண்டுவர வேண்டிய கோடிச் சேலையை அவர் கொண்டுவரவில்லை. அனுப்பவும் இல்லை. சடங்கு செய்ய வந்தவர், “பொறந்த வீட்டுக் கோடி எங்க?” என்று முறைப்படி மூன்று தரம் கூப்பிட்டுக் கேட்டார். மூன்று தரமும் பந்தலில் யாரும் பேசவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் காரியத்தை முடித்தார்கள். அந்தப் பந்தலில் சுடலைவடிவின் மடியில் இரண்டு வயது இசக்கி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெளியாட்கள் முன்வரவில்லை. உரிமைக்காரர் நிற்காத கட்டில் என்பது ஒன்று. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியாகிவிட்டது, இப்போது தீட்டு வந்தால் கோயில் படி மிதிக்க முடியாது என்பது இன்னொன்று. கட்டிலைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும் இசக்கியின் தலையைத் தடவினார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள், போய்விட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சுடலைவடிவு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பதைப் பார்த்து, பிரிசில்லா கீபோர்டை மூடினாள்.

“நான் பாடுறேன்க்கா. எங்களுக்குத் தீட்டு கிடையாது.”

“எனக்கும் கிடையாது” என்றார் வார்டுக்கு டீ கொண்டுவருகிற காசிம் பாய், கேனைக் கீழே வைத்துவிட்டு.

“எனக்கு உண்டு” என்றார் கோசலை சிஸ்டர். “ஆனா எந்த நாள்ல நான் தீட்டில்லாம இருந்தேன், இப்பம் பாக்கதுக்கு?”

மூன்று பேரும் பாடினார்கள். சுடலைவடிவு கேட்ட பாட்டு, பெண்கள் உப்பு வாரும்போது பாடுவது:

*பாத்தி கட்டி வெயில வெதச்சோம்*
*பளிங்கு பளிங்கா வெளஞ்சு வந்துச்சு,*
*வெளஞ்சதெல்லாம் வண்டியில போச்சு*
*வெயிலு மட்டும் வீட்டுக்கு வந்துச்சு.*

காசிம் பாய்க்கு ராகம் சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் மனது வைத்துப் பாடினார். அந்தச் சாயங்காலம் முழுவதும் சுடலைவடிவுக்கு வலி இல்லை. எழுந்து உட்கார்ந்து இசக்கியை முன்னால் இருத்தி, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னிவிட்டாள். பிரித்துப் பிரித்து மறுபடியும் பின்னினாள். “போதும்மா, ஸ்கூல்ல சிரிப்பாளுவ” என்றாள் இசக்கி. “சிரிக்கட்டும், நல்லாத்தான இருக்கு” என்றாள் சுடலைவடிவு.

ஆனால் ஊர் பங்கு போடவேண்டியதை மூன்று பேர் எடுத்திருந்தார்கள். காசிம் பாயால் கேனைத் தூக்க முடியவில்லை. கோசலை சிஸ்டரால் குனிந்து நரம்பு பார்த்து ஊசி ஏற்ற முடியவில்லை. பிரிசில்லாவுக்குப் பத்து விரலிலும் வந்திருந்தது. கட்டையில் விரல் வைத்தால் கண்ணில் தண்ணீர் வந்தது, மற்ற கட்டில்களுக்கு அன்று பாட்டு இல்லாமல் போயிற்று. டாக்டர் மூவரையும் உட்காரவைத்து, இனி இந்தக் கட்டிலுக்கு ஆள் சேராமல் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நோய் வளர்ந்தது; மூன்று பேர் கொண்டுபோன இடத்தில் இரண்டு நாளில் புது வலி ஊறி நிறைந்தது.

இதற்குள் வண்டிமலை வீட்டில் ஒரு காரியம் தடைப்பட்டு நின்றது. அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பி, கூடவே ஒன்று கேட்டிருந்தார்கள்: தங்கச்சி கடைசி வார்டில் கிடக்கிறாளாமே, அண்ணன் பங்கு எடுத்தாரா?

அவர் வந்தார். தனியாகத்தான் வந்தார், கையில் ஜவுளிக்கடைப் பையோடு. செருப்பைத் தாழ்வாரத்தில் கழற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். கட்டிலில் கிடந்த உடம்பின் அளவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதைப் பிரிசில்லா கவனித்தாள். மகள் கல்யாணக் கவலை மட்டும் அந்த முகத்தில் இல்லை.

“வடிவு.”

“யாரு?”

“அண்ணன்.”

“எனக்கு அண்ணன் இல்லன்னு மூணு தரம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாச்சே.” அவள் பையைப் பார்த்தாள். “அது என்ன, சேலையா? இப்பம் யாரு செத்தா?”

வண்டிமலை பையை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டார். “நான் செஞ்சது தப்புதான். ஆளுகளக் கூட்டியாறேன். நான் முன்ன நின்னு பாடுதேன். நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு.”

“இந்த வலி ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அதையும் வாங்கிட்டுப் போயி ஊருக்குள்ள நல்ல பேரு எடுக்கணுமாக்கும்? என் தலைமாட்டுல நீரு நிக்கப்படாது. போயிரும்.”

அவர் போனபிறகு பிரிசில்லா கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, வலி குறையும்ல?”

“கொறையும். அவனுக்கும் கொறையும். அதான் வேண்டாம்.”

கட்டிலுக்குக் கீழே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இசக்கி எல்லாவற்றையும் கேட்டாள். பிரிசில்லா டாக்டரிடம் சொன்னபோது, “அவங்க வலி, அவங்க வாய். வேண்டாம்னா வேண்டாம்” என்றார். மருந்தை ஏற்றினார். மருந்து ஏற ஏற வலியும் அதற்கு முன்னால் ஏறியது. ஒரு வாரத்தில் சுடலைவடிவுக்குப் பேச்சு நின்றது. கண் திறந்தால் ஆளைத் தெரியவில்லை. அட்டையை நீட்டினால் விரல் எழவில்லை. காட்டவேண்டிய தேவையும் இல்லை. அட்டையிலிருந்த கடைசி முகம் அவள் முகத்துக்கே வந்துவிட்டிருந்தது. அவளிடமிருந்து வந்தது ஒரே ஒரு சத்தம், மூச்சை விடும்போதெல்லாம். இசக்கி அந்தச் சத்தத்துக்குள்ளேயே சாப்பிட்டாள், அந்தச் சத்தத்துக்குள்ளேயே வீட்டுப்பாடம் எழுதினாள்.

வண்டிமலை மறுபடியும் வந்தார். இந்த முறை இரண்டு வேன். உப்பளத்து ஆண்களும் பெண்களும் தலைத்துண்டும் வெடித்த பாதமுமாகத் தாழ்வாரம் நிறைய நின்றார்கள். எல்லாருக்கும் அந்தப் பாட்டு தெரியும். கொடை முடிந்துவிட்டது, தீட்டுக்குப் பயமில்லை. இத்தனை பேர் பாடினால் ஒருத்தருக்கு ஒரு கொசுக்கடி அளவுதான் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டர் கதவில் நின்றார். “அவங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க.”

“சொன்னா, சரி. இப்பம் சொல்ல முடியலல்லா?” என்றார் வண்டிமலை. “சத்தம் கேக்குல்லா உங்களுக்கு? வாசல் வரைக்கும் கேக்கு டாக்டரம்மா.”

டாக்டருக்கும் கேட்டது. நோயாளியால் சொல்ல முடியாதபோது மிக நெருங்கிய உறவைக் கேட்க வேண்டும் என்பது வார்டின் வழக்கம். அவர் திரும்பி இசக்கியைப் பார்த்தார்.

“பத்து வயசுப் பிள்ளைகிட்டயா கேக்கப் போறிய?” என்றார் வண்டிமலை.

“வேற யாரு இருந்தா இங்க, இத்தன நாளா?” என்றார் கோசலை சிஸ்டர்.

காசிம் பாய், “பிள்ள தலையில ஏம்மா வைக்கிய? பாவம்லா” என்று முனகினார்.

டாக்டர் முழங்காலிட்டு இசக்கியின் உயரத்துக்கு வந்தார். “நீ சொல்லணும்னு கட்டாயம் இல்லடா. நீங்களே முடிவு பண்ணுங்க டாக்டர்னு சொன்னாலும் சரிதான். யாரும் உன்னக் கோவிக்க மாட்டாங்க.”

“நான் சொல்லுதேன்” என்றாள் இசக்கி.

தாழ்வாரத்தில் பேச்சு நின்றது. கட்டிலிலிருந்து வந்த சத்தம் மட்டும் நிற்கவில்லை. வண்டிமலை துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைமாட்டைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்து, அப்புறம் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நின்றார்.

“இசக்கி, மாமா சொல்லுதேன் கேளு. உங்கம்மாவுக்கு என்மேல கோவம். நியாயமான கோவம்தான். ஆனா தலைமாட்டுல நான் நிக்கலன்னா, இந்த ஆளுகளுக்கு நான் என்ன சொல்ல? கங்காணியே நிக்காத எடத்துல எங்களுக்கு என்னன்னு வேன் ஏறிருவாவ. அப்பம் உங்கம்மாவுக்குத்தான் கஷ்டம்.”

தாழ்வாரத்தில் ஒருத்தி, “ஆமா மக்கா, மொற இருக்குல்லா” என்றாள்.

இசக்கி மாமாவிடமிருந்து திரும்பினாள். பிரிசில்லாவின் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், கதவோரம் நின்னு பாடினாலும் வலி வருமா?”

“வரும்.”

“தலைமாட்டுல நின்னா வர்ற அதே வலிதானா?”

“அதே வலிதான். முதல் அடி எடுக்கிறவங்களுக்குக் கூட வரும், அவ்வளவுதான். மத்தபடி எங்க நின்னாலும் ஒண்ணுதான்.”

இசக்கி யோசித்தாள். அவள் யோசிக்கும்போது பென்சில் முனையைக் கடிப்பது வழக்கம். கையில் பென்சில் இல்லாததால் சடை நுனியைக் கடித்தாள். பல நாளாக அவிழ்க்காத சடை அது, பாதி கலைந்திருந்தது.

“அப்பம் முதல் அடிய நீங்க எடுப்பியளா?”

பிரிசில்லாவின் விரல்களில் சுடலைவடிவின் பழைய வலி இன்னும் இருந்தது. கீபோர்டு உறைக்குள் கிடந்தது. அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள முடியாது. அவள் படித்த படிப்பில் இப்படி ஒரு கேள்விக்கு, உன் எல்லைக்குள் நில் என்று பதில் எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பதிலுக்கு அவள் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“எடுக்கிறேன்” என்றாள் பிரிசில்லா. போய்த் தலைமாட்டில் நின்றாள். நின்றதும் சுடலைவடிவின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நிற்பது தெரிந்தது, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வண்டிமலை இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்தார். அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் யாரோ கனைத்தார்கள். யாரோ வேன் டிரைவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி நடந்துவிடலாம், அவர் நடந்தால் அத்தனை பேரும் நடப்பார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது, இசக்கிக்கும் தெரிந்தது.

இசக்கி கதவுப் பக்கம் போனாள். காசிம் பாயைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொன்னாள். அவர் நகர்ந்ததும் சுவருக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் வந்தது. அந்த இடத்தைக் காட்டி, “அம்மா வேண்டாம்னது தலைமாட்டத்தான்” என்று சொல்லி, மாமாவை அங்கே நிற்கச் சொன்னாள்.